2 நிமிட த்ரில்லர் ஓபனிங்: எந்த மரபை வச்சுக்கணும், எதை உடைக்கணும்?

#1 பருத்திக்காடு
வணக்கம். வகுப்பு வேலை ஒண்ணு. எடுக்கவே போகாத ஒரு த்ரில்லர் படத்தோட ஆரம்பத்தை மட்டும் எடுக்கணும். டைட்டிலோட சேர்த்து 2 நிமிஷம் தாண்டக் கூடாது. இசை காப்புரிமைச் சிக்கல் இல்லாததா இருக்கணும். கூடவே 'த்ரில்லர் மரபுகளில் எதைப் பயன்படுத்தினீர்கள், எதை மீறினீர்கள்'னு குறிப்பும் எழுதித் தரணும். 4 பேர் டீம். ரெண்டு போன், ஒரு ட்ரைபாட், ஒரு காலர் மைக் இருக்கு.

ஸ்கிரிப்ட் இப்போ இப்படி: ராத்திரி. ஆளில்லாத தெரு. பொண்ணு தனியா நடந்து வர்றா. பின்னால ஹூடி போட்ட ஆள். அவ வேகம் கூட்ட, அவனும் கூட்டறான். திரும்பிப் பாக்கிறா, யாரும் இல்ல. முன்னால திரும்பினா முகத்துக்கு நேரா நிக்கிறான். அலறல். இருட்டு. டைட்டில். மீறல் வேணுமே, அதனால ஹூடியைக் கழட்டினா உள்ள இருக்கிறதும் ஒரு பொண்ணுன்னு வச்சிருக்கோம். சரியா வருமா?

#2 ரீல்பெட்டி
ரெண்டு சிக்கல் இருக்கு.

ஒண்ணு, இது ஓபனிங் இல்ல, குறும்படம். யாரோ துரத்தினாங்க, பிடிச்சாங்க, யாருன்னும் தெரிஞ்சுபோச்சு. அப்புறம் மீதி 2 மணி நேரம் எதுக்கு உக்காரணும்? இதுக்கு நேர் எதிர்த் தப்பும் உண்டு: துப்பாக்கி, ரத்தம், ஓட்டம்னு பத்து இடத்திலிருந்து துண்டு வெட்டி ஒட்டினா அது ட்ரெய்லர். ஓபனிங்கோட வேலை ஒரு கேள்வியைத் திறந்து வைக்கிறது, அவ்வளவுதான்.

ரெண்டாவது, ஹூடிக்குள்ள பொண்ணு. ஆள்தான் மாறியிருக்கு, காட்சி மாறலை. துரத்தல், திரும்பிப் பார்த்தல், திடுக்கிடல் எல்லாம் போட்டது போட்டபடி அப்படியே இருக்கு. மரபுங்கிறது பாக்கிறவங்களோட எதிர்பார்ப்பு. அதை முதல்ல வளர்த்துட்டு, அது வந்து நிக்கிற இடத்துல வேற ஒண்ணை வச்சாத்தான் மீறல். 2 நிமிஷத்துல அப்படி ஒண்ணே ஒண்ணுதான் செய்ய முடியும். ஒண்ணை உடைக்கணும்னா மத்ததெல்லாம் கெட்டியா நிக்கணும். எல்லாத்தையும் உடைச்சா பாக்கிறவங்களுக்கு அது த்ரில்லர்னே தெரியாது.

#3 சட்னி_அரை
சென்னையில ஏப்ரல் மாசம் ஹூடி போட்டு நடக்கிறவனைப் பாத்தா பயம் வராது, பாவமாத்தான் இருக்கும்.

#4 ஃபிரேம்தாண்டி
கதையை விடுங்க, ராத்திரி தெருவை போன்ல எடுத்தா என்ன ஆகும்னு யோசிச்சீங்களா? வெளிச்சம் போதலைன்னா போன் தானா ஐ.எஸ்.ஓ.வை, அதாவது ஒளி உணர்திறனை, ஏத்தும். சுவரெல்லாம் புள்ளிபுள்ளியா கொதிக்கும். அந்தப் புள்ளியைத் துடைக்கிறேன்னு மென்பொருள் முகத்தை மெழுகு பொம்மை ஆக்கிடும். இதுல ஷட்டர் திறந்திருக்கிற நேரத்தையும் தப்பா வச்சா தெருவிளக்கு பட்டை பட்டையா ஓடும். நம்ம மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். 25 ஃபிரேம்ல எடுத்து ஷட்டரை 1/50 செகண்டுல பூட்டணும், இல்லாட்டி 1/100. 30 ஃபிரேம், 1/60னு போனோட சொந்த அமைப்பில விட்டா எல்.இ.டி. விளக்குல நிறைய இடத்துல மினுக்கு வரும், எடிட்ல அதைச் சரிபண்றது பெரும்பாடு.

ராத்திரிதான் வேணும்னா சூரியன் இறங்கி ஒரு 15, 20 நிமிஷத்துக்குள்ள எடுங்க. ஒயிட் பேலன்ஸ் (நிறச் சமநிலை) 3200 கெல்வின்ல பூட்டு, எக்ஸ்போஷரை (பதிவாகிற வெளிச்சத்தை) ஒன்றரை ஸ்டாப் குறை. வானத்துல இன்னும் வெளிச்சம் இருக்கும், படத்துல நீல ராத்திரியா தெரியும். நம்ம ஊர்ல அந்தி சட்டுனு முடிஞ்சிடும், நாலு ஷாட்டுக்கு மேல கிடைக்காது. 25 ஷாட் வேணும்னா ஒரு வாரம் தினமும் அதே நேரத்துக்குப் போய் நிக்கணும்.

#5 ரீல்பெட்டி
அதான் பகல்ல எடுக்கச் சொல்றேன். பகல் ஒண்ணும் புது மீறல் இல்ல, அதையும் சொல்லிடறேன். 1959ல வெளியான 'நார்த் பை நார்த்வெஸ்ட்' எடுக்கும்போது இயக்குநர் ஹிட்ச்காக் இதே கணக்கைத்தான் போட்டார். ஒருத்தனைக் கொல்ல வரச்சொல்ற இடம்னா எல்லாரும் இருட்டு முனை, தெருவிளக்கு, பூனைன்னு வைப்பாங்க. அவர் நட்ட நடு வெயில்ல, மறைய ஒரு மரம்கூட இல்லாத பொட்டல்ல நிறுத்தினார். ஒரு விமானம் அவனைத் துரத்தும், அது லாரியில மோதுற வரைக்கும் பின்னணி இசையும் கிடையாது. அடுத்த வருஷம் 'சைக்கோ'. ராத்திரியில ஆரம்பிக்கலை. ஊர் பேரு, தேதி, மதியம் 2.43னு நிமிஷக் கணக்கோட எழுத்துப் போட்டு, பாதி இறக்கின ஜன்னல் திரைக்கு அடியில கேமரா நுழையுது. யாரும் யாரையும் மிரட்டலை. ஆனா அவ்வளவு துல்லியமா நேரம் சொன்னாலே மனசு 'என்னமோ நடக்கப்போகுது'ன்னு நிமிர்ந்து உக்காந்துடும். பகல் எடுத்தாங்க, ஆனா ஒளிஞ்சு பாக்கிற கோணத்தை விடலை. ஒண்ணை எடுத்து ஒண்ணை வைக்கிறதுன்னா இதுதான்.

#6 பழையபிரதி
நம்ம பக்கத்துலயும் சொல்லுங்கய்யா. 1954, 'அந்த நாள்', எஸ். பாலசந்தர். துப்பாக்கிச் சத்தத்தோட சிவாஜி ஆரம்பத்துலயே செத்து விழுவார். பாட்டே கிடையாது. ஆனா 'யார் செஞ்சது'ங்கிற புலன்விசாரணை மரபைக் கடைசிவரை விடலை. அது கெட்டியா நின்னதாலதான் மத்த ரெண்டையும் உடைக்க முடிஞ்சுது.

#7 பருத்திக்காடு
புரியுது. ராத்திரித் தெருவை விட்டுட்டோம். எங்களுக்குக் கிடைக்கிற இடம்: ஒரு மொட்டை மாடி, ஒரு சமையலறை, தெருமுனையில ஒரு இஸ்திரி வண்டி. வண்டிக்காரம்மா 'காலையில வேலை குறைச்சலா இருக்கிற நேரத்துல எடுத்துக்கோங்க'ன்னு சொல்லியிருக்காங்க. அவங்களே நடிக்கவும் தயார்.

#8 ரீல்பெட்டி
வேற எதையும் தேடாதீங்க. இஸ்திரி வண்டிதான்.

ஒரு வெள்ளைச் சட்டை. அம்மா விரிக்கிறாங்க, தண்ணி தெளிக்கிறாங்க. தெளிச்ச இடத்துல காய்ஞ்சு போன பழுப்புக் கறை ஒண்ணு மெதுவா சிவக்குது. கை நிக்குது. மேஜை மேல ஒரு நிழல் விழுது. சட்டையைக் கொடுத்தவன் திரும்ப வந்து நிக்கிறான், 'ஆச்சா?'ன்னு கேக்கிறான். அம்மா பதில் சொல்லலை. பெட்டியை எடுத்து, கறை மேலேயே வச்சுத் தேய்க்கிறாங்க. கறை உள்பக்கம் போற மாதிரி மடிக்கிறாங்க. டைட்டில்.

யாரோட ரத்தம், இவன் யாரு, இவங்க ஏன் மறைச்சாங்க, இவங்களுக்குத் தெரியும்னு அவனுக்குத் தெரியுமா? நாலு கேள்வி திறந்திருக்கு, ஒண்ணுக்கும் பதில் இல்ல. பழைய ஸ்கிரிப்ட்ல அந்தப் பொண்ணு துரத்தப்பட்டா, அவ்வளவுதான். இங்க வண்டிக்காரம்மா ஒரு முடிவு எடுக்கிறாங்க. ஆண், பெண் மாத்தறது மீறலாகணும்னா இந்த மாதிரி கதையில அவங்க இடம் மாறணும்.

#9 வெட்டிஒட்டு
மறுக்கிறேன். வெயில், தெரு, சாதாரண வேலை, இசையும் இல்ல. முதல் 40 செகண்டு ஆவணப்படம் மாதிரி இருக்கும். கறை வர்றதுக்குள்ள கவனம் போயிடும். வழக்கப்படி ஷாட்டுகளைப் போகப்போகச் சின்னதாக்கி வேகம் கூட்டுங்க, அப்பத்தான் த்ரில்லர்.

#10 ரீல்பெட்டி
முதல் பாதி சரி, ரெண்டாவது பாதி தப்பு.

ஆவணப்படம் ஆகாம இருக்க, முதல் 40 செகண்டுக்கு முழு வண்டியையும் காட்டவே கூடாது. எல்லாம் நெருக்க ஷாட். கரி ஊதும்போது பறக்கிற சாம்பல், பெட்டி மூடியோட கொக்கி, தண்ணியில முக்கற விரல், துணி மேல பெட்டி வர்றது. பாக்கிறவனுக்கு இடமும் தெரியாது, ஆளும் தெரியாது. தகவலை இறுக்கிப் பிடிக்கிறதே த்ரில்லரோட முதல் மரபு. ஒவ்வொண்ணும் ரெண்டு, ரெண்டரை செகண்டு. கறை வந்ததும்தான் முதல் அகல ஷாட்: தெரு முழுக்க ஜனம், பள்ளிக்கூடப் பிள்ளைங்க போகுது, யாருக்கும் ஒண்ணும் தெரியலை.

வேகம் கூட்டற வேலையைத்தான் உடைக்கச் சொல்றேன். முதல் பாதியில வெட்டு வேகவேகமா வந்து பழகியிருக்கும். கறை சிவக்கிற இடத்துல வெட்டாதீங்க. 12 செகண்டு ஒரே ஷாட். கண்ணு அடுத்த வெட்டை எதிர்பார்த்துத் தவிக்கும். மீறல் பகலும் இல்ல, வண்டிக்காரம்மாவும் இல்ல, இந்த 12 செகண்டுதான். குறிப்பு எழுதும்போது இதைப் பிடிச்சு எழுதுங்க.

#11 வெட்டிஒட்டு
12 செகண்டு தாங்கணும்னா ஃபிரேமுக்குள்ள ஏதாவது நகரணும். கறை பரவுறது முதல் 4 செகண்டுலயே முடிஞ்சிடும். மிச்சம்?

#12 ரீல்பெட்டி
நல்ல கேள்வி. 5ஆவது செகண்டுல நிழலோட விளிம்பு மேஜை ஓரத்துல நுழையட்டும். 9ல கறையை மூடட்டும். கேமரா அசையக் கூடாது, ட்ரைபாட்ல பூட்டிடுங்க.

நிழல் வேணும்னா காலை ஏழரையிலிருந்து ஒன்பதுக்குள்ள முடிச்சிடணும். உச்சி வெயில்ல நிழல் காலுக்குக் கீழே சுருண்டுடும், மேஜைக்கு ஏறாது. முந்தின நாளே போய் சூரியன் எந்தப் பக்கம்னு பாருங்க, ஆள் சூரியனுக்கும் மேஜைக்கும் நடுவுல நிக்கணும். நிழல் வர்ற ஷாட் எல்லாத்தையும் ஒரே அரை மணிக்குள்ள அடுத்தடுத்து எடுங்க. நெருக்க ஷாட்டுகளை அப்புறம் எடுக்கலாம், ஒரு கறுப்புத் துணியோ வெள்ளைத் தெர்மோகோலோ பிடிச்சு வெளிச்சத்தை ஒப்பேத்திடலாம்.

#13 அஞ்சறைப்பெட்டி
கறை எப்படிச் செய்றதுன்னு யாரும் சொல்லலையே.

பழுப்புக்கு: கெட்டி டீ டிக்காஷன் 3 ஸ்பூன், இன்ஸ்டன்ட் காபித்தூள் கால் ஸ்பூன். துணியோட மேல்பக்கம் பஞ்சால ஒத்தி, முழுசா காய விடுங்க. சிவப்புக்கு: பொடியா விக்கிற சிவப்பு உணவு நிறம், கோகோ பவுடர் ஒரு சிட்டிகை சேர்த்து, துணியோட அடிப்பக்கம், கறைக்கு நேர் கீழே, காய்ஞ்ச தூளாவே விரலால தேய்ச்சு உதறிடுங்க. மேலே தண்ணி பட்டதும் நனைஞ்சு கீழே போய், தூள் கரைஞ்சு, சிவப்பு மேலே ஊறி வரும்.

சொதப்புற இடங்கள்: தூள் அதிகமானா ஹோலி மாதிரி ஆயிடும், கால் டீஸ்பூனுக்கு மேல வேண்டாம். கேசரி பவுடர் வாங்கிடாதீங்க, ஆரஞ்சு அடிக்கும். பாலியெஸ்டர் கலந்த சட்டையில தண்ணி முத்து முத்தா நிக்கும், ஊறாது. பருத்தி வாங்குங்க, ஒரு தடவை துவைச்சு கஞ்சியைப் போக்கிடுங்க. ஒரு சட்டைக்கு ஒரு டேக்தான். ஒரே மாதிரி 4 சட்டை வேணும். ஒத்திகைக்கு அதே ரகத்துல பழைய துணி. அடியில வண்டிக்காரம்மாவோட விரிப்பு இருக்கும், அது மேல பிளாஸ்டிக் ஷீட்டும் வேஸ்ட் துணியும் போடுங்க, நாளைக்கு ஊரார் வேட்டியெல்லாம் சிவந்துடும். சூடான பெட்டியை வைக்கிற ஷாட்ல மட்டும் அந்த ஷீட்டை எடுத்துடணும், மறந்தா உருகி ஒட்டிக்கும். அந்த ஷாட்டுக்கு அடியில மொத்தமா நாலு மடிப்பு வேஸ்ட் துணி போதும்.

#14 பூம்மைக்
இசை இல்லாம எடுக்கப்போறீங்கன்னா பாதிப் படம் ஒலிதான். காலர் மைக்கை யார் சட்டையிலும் மாட்டாதீங்க. இங்க வசனம் ஒரே வார்த்தை. மைக்கை வண்டியோட அடிப்பலகையில ஒட்டுங்க, பெட்டியை வைக்கிற 'தொம்' மரத்து வழியா வந்து சேரும். கரிப்பெட்டி நல்ல கனம், அந்தச் சத்தத்தை எந்த ஒலி நூலகத்திலும் தேட வேண்டாம்.

தனியா பதிவு செய்ய வேண்டியது: கொக்கி மாட்டற சத்தம், கரி வெடிக்கிறது, தண்ணி தெளிக்கிறது, ஈரத்துணி மேல சூடு படற 'ஸ்ஸ்'. ஒவ்வொண்ணும் அஞ்சாறு தடவை. இதெல்லாம் ராத்திரி வீட்டுக்குள்ள, ஃபேன், ஃபிரிட்ஜ் அணைச்சுட்டு எடுங்க. தெருச் சத்தத்தை யாரும் பேசாம தொடர்ச்சியா 2 நிமிஷம் எடுத்து வச்சுக்கோங்க. ஷாட்டுக்கு ஷாட் ஆட்டோ ஹார்ன் வெட்டுப்பட்டுத் துள்ளுறதை அது மூடும்.

இப்போ முக்கியமானது. மாணவர் த்ரில்லர்ல எல்லாரும் போடற அந்த 'ம்ம்ம்ம்' அடித்தொனி. ஹெட்போன்ல மிரட்டும், வகுப்பு ப்ரொஜெக்டர் ஸ்பீக்கர்ல ஒண்ணுமே கேக்காது. சின்ன ஸ்பீக்கர் 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே கிட்டத்தட்ட செவிடு. அது வேணும்னா 200லிருந்து 400க்குள்ள இன்னொரு அடுக்கு சேருங்க. என்னைக் கேட்டா அதுவே வேண்டாம். கறை வர்ற 12 செகண்டுல தெருச் சத்தத்தை 3 செகண்டுக்குள்ள மெதுவா இறக்கி, கடைசியில கரி வெடிக்கிறது மட்டும் கேக்கட்டும். 'ஆச்சா?' வந்ததும் தெரு முழுசா திரும்பி வரட்டும். இசைக்குரிய வேலையை அது பாத்துக்கும்.

இன்னொண்ணு. போன் வீடியோ ஃபிரேம் வேகம் நிலையா இருக்காது, 24.8, 25.1னு ஊசலாடும். தனியா எடுத்த ஒலியோட நீளமான ஷாட்ல உதடும் சத்தமும் விலகும். எடிட்டுக்கு முன்னாடி ஹேண்ட்பிரேக்ங்கிற வீடியோ மாத்தற மென்பொருள்ல 'நிலையான ஃபிரேம் வேகம்' 25ன்னு மாத்திக்கோங்க.

#15 எழுத்துரு_பைத்தியம்
டைட்டிலைப் பத்தி ஒருத்தரும் வாய் திறக்கலை. ஓபனிங்ல மதிப்பெண் கொட்டிப்போற இடம் அதுதான். கேம்பிரிட்ஜ் இன்டர்நேஷனல் ஏ.எஸ். மீடியா ஸ்டடீஸ்லயும் இதே மாதிரி டைட்டிலோட சேர்த்த 2 நிமிஷ ஓபனிங் உண்டு. அங்கேயும் நிறைய பேர் கடைசி ராத்திரி எழுத்தை ஒட்டுவாங்க.

120 செகண்டுல 9 டைட்டில் தாராளம். தயாரிப்பு நிறுவனம், வழங்கும், நடிகர்கள், படத்தலைப்பு, இசை, படத்தொகுப்பு, ஒளிப்பதிவு, தயாரிப்பு, கடைசியா இயக்கம். ஒவ்வொண்ணையும் வாய்விட்டு ரெண்டு தடவை படிக்கிற நேரம் நிக்கணும், அதாவது ஏறக்குறைய 3 செகண்டு. நீங்க தலைப்பைக் கடைசியில வைக்கிறதால இயக்கத்தை அதுக்கு முந்தி முடிச்சிடுங்க. நெருக்க ஷாட்டுகள்ல ஃபிரேமோட ஒரு மூணில் ஒரு பங்கைக் காலியா விட்டு எடுங்க, எழுத்துக்கு இடம் ஷூட்டிங்லயே தேடணும். 12 செகண்டு ஷாட் மேல ஒரு எழுத்தும் வரக் கூடாது. 1958ல 'டச் ஆஃப் ஈவில்' வெளியானப்போ வெடிகுண்டு வச்ச காரைத் தொடர்ந்து போற அந்த மூணு நிமிஷத்துக்கு மேற்பட்ட ஒரே ஷாட் மேல டைட்டிலைப் போட்டு, தனி இசையும் வச்சிருந்தாங்க. 1998ல மறுபடி தொகுத்தப்போ எழுத்தை எடுத்துட்டு, தெருச் சத்தத்தை உள்ளே விட்டாங்க. ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாருங்க.

தமிழ்ல போடறீங்கன்னா எச்சரிக்கை. பிரீமியர்ங்கிற எடிட்டிங் மென்பொருளோட கிராஃபிக்ஸ் அமைப்புல எழுத்து எஞ்சினைத் தெற்காசிய மொழிகளுக்கானதா மாத்தலைன்னா, 'கொலை' உடைஞ்சு 'க' தனியா, கொம்பும் காலும் திசைக்கொண்ணா நிக்கும். மாத்தின பிறகும் உடைஞ்சா இங்க்ஸ்கேப்ங்கிற வரைகலை மென்பொருள்ல அடிச்சு, பின்புலம் இல்லாத பி.என்.ஜி. படமா வெளியே எடுத்து டைம்லைன்ல வைங்க. எந்த எடிட்டர்லயும் உடையாது. சொட்டுற ரத்த எழுத்துரு, தட்டச்சுப் பொறி எழுத்துரு ரெண்டும் தடை.

#16 சட்னி_அரை
தலைப்பு 'கறை'ன்னு வைக்காதீங்க. கெஞ்சிக் கேட்டுக்கறேன்.

#17 பழையபிரதி
நடிகர் தேர்வு பத்தி ஒண்ணு. சட்டையைக் கொடுக்கிறவனை அழுக்கா, தாடியோட, முறைச்ச முகமா காட்டற பழக்கம் நம்ம சினிமாவுக்கு ரொம்ப நாளா உண்டு. அதை வச்சா யாருக்கும் கேள்வியே எழாது. சாதாரண ஆளா, ஆபீஸ் போற அவசரத்துல இருக்கட்டும். முகத்தைக் காட்டாம, சில்லறை எண்ற கையை மட்டும் காட்டினாலும் போதும். அந்தக் கை பதறக் கூடாது.

#18 வெட்டிஒட்டு
அந்தக் கைக்கும் வண்டிக்காரம்மா முகத்துக்கும் நடுவுல கற்பனைக் கோடு ஒண்ணு இருக்கு, மறந்துடாதீங்க. அம்மா திரையில இடப்பக்கமா நிமிர்ந்து பாத்தா, கை வலப்பக்கத்தை நோக்கி இருக்கணும். கேமரா அந்தக் கோட்டைத் தாண்டினா ரெண்டு பேரும் ஒரே பக்கம் பாக்கிற மாதிரி ஆயிடும். தரையில சாக்பீஸ்ல கோடு போட்டுட்டு வேலை பாருங்க, கூச்சப்படாதீங்க.

பெட்டியைத் தூக்கறதை அகல ஷாட்லயும் நெருக்கத்துலயும் முழுசா ரெண்டு தடவை எடுத்து, தூக்கற பாதி அசைவுல வெட்டுங்க. அவங்க தினமும் செய்ற வேலை, ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரிதான் செய்வாங்க. தொழில் நடிகரைவிட இது லேசு.

12 செகண்டு விஷயத்துல ரீல்பெட்டி சொன்னதை ஒத்துக்கறேன். ஆனா டைம்லைன்ல 12, 9, 7னு மூணு வடிவம் வச்சுக்கிட்டு, கதை தெரியாத ஆறு பேருக்குப் போட்டுக் காட்டுங்க. எங்கே போனை எடுக்கிறாங்கன்னு பாருங்க, அவங்க கருத்தைக் கேக்காதீங்க.

#19 பருத்திக்காடு
எல்லாத்தையும் குறிச்சுக்கிட்டோம். குறிப்புல 'மரபை மீறினோம்'னு எழுத ஏதாவது கோட்பாட்டுப் பேர் வேணுமாம்.

#20 ரீல்பெட்டி
ரெண்டு போதும். சினிமா கோட்பாட்டாளர் ஸ்டீவ் நீல் 1980ல ஜான்ர், அதாவது படவகை, பத்தி எழுதினது: ஒரு வகைங்கிறது திரும்ப வர்றதும் வேறுபடுறதும் சேர்ந்தது. பிரெஞ்சு விமர்சகர் ரோலான் பார்த் 1970ல கதையை அலச சொன்ன அஞ்சு குறிகள்ல புதிரைத் திறந்து பதிலைத் தள்ளிப்போடற குறி. பேரை மட்டும் எழுதி விட்டுடாதீங்க. 'கறை 0.50ல் தோன்றுகிறது, அதற்கு முந்தைய 20 ஷாட்டுகளின் சராசரி இரண்டரை செகண்டு, இந்த ஷாட் 12 செகண்டு'னு டைம்கோடோட எழுதி, பக்கத்துல அந்த ஃபிரேமை ஒட்டுங்க.

#21 அஞ்சறைப்பெட்டி
அந்தம்மாவுக்கு அன்னைக்கு நின்னுபோற துணிக்கான கூலியைக் கையில கொடுத்துடுங்க. பட்ஜெட் தாள்ல 4 சட்டைக்கு மேல அதை முதல் வரியா எழுதுங்க.